கையெழுத்துப் போட மறுத்த விஞ்ஞானி

நான் ஆயர் குரோவில் தங்கி மின்னணுப் பொறியியல் இறுதியாண்டு படிக்கும் மாணவன். ஞாயிற்றுக்கிழமை காலையில் நம் பண்பாட்டு வகுப்பில் சின்னப் பிள்ளைகளுக்குக் கதை சொல்வது என் பங்கு. அன்று நான் எடுத்துக்கொண்டது ஜகதீஷ் சந்திர போஸின் கதை.

எல்லாரும் சொல்லும் மாதிரியேதான் நானும் சொன்னேன். கம்பியில்லாமல் சைகை அனுப்பலாம் என்று உலகுக்குக் காட்டிய முன்னோடிகளில் அவர் ஒருவர். காப்புரிமை, அதாவது பேட்டண்ட், வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டார். மார்க்கோனி பேரையும் பணத்தையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார். பிள்ளைகள் கைதட்டினார்கள். கடைசி வரிசையில் இருந்த ஒரு பையன் மட்டும் கைதூக்கினான். அவர் எங்கேயும் பதிவு செய்யவில்லை என்றால், அவர்தான் செய்தார் என்று நமக்கு எப்படித் தெரியும் அண்ணே என்று கேட்டான்.

எனக்குப் பதில் வரவில்லை. அடுத்த வாரம் சொல்கிறேன் என்று சமாளித்துவிட்டு வந்தேன். அந்தப் பையனுக்காகத் தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். இதில் என் சொந்தக் கதையும் கொஞ்சம் இருக்கிறது. அது பிறகு வரும்.

போஸ் 1858 நவம்பர் 30-ஆம் தேதி, இன்று வங்காளதேசத்தில் இருக்கும் பகுதியில் பிறந்தார். அப்பா பகவான் சந்திர போஸ் அரசாங்கத்தில் நல்ல பதவியில் இருந்தவர். பிரம்ம சமாஜத்தைச் சேர்ந்தவர். அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைகள் நேரே ஆங்கிலப் பள்ளிக்குப் போவார்கள். அப்பாவோ மகனை முதலில் வங்காளிப் பள்ளியில் சேர்த்தார். ஒரு பக்கம் வீட்டு வேலையாளின் மகன், இன்னொரு பக்கம் மீனவரின் மகன், நடுவில் இவர். மீனவர் மகன் சொன்ன நீர்வாழ் உயிர்களின் கதைகள்தான் இயற்கையை உற்றுப் பார்க்கும் ஆசையைத் தந்தன என்று போஸ் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். நம்மில் பலர் தமிழ்ப்பள்ளியில் படித்ததைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்கிறோம். தாழ்த்த வேண்டியதே இல்லை.

பிறகு கல்கத்தா புனித சேவியர் கல்லூரி. அங்கிருந்து இங்கிலாந்து. முதலில் மருத்துவம் படிக்கப் போனார், உடம்பு ஒத்துழைக்கவில்லை. கேம்பிரிட்ஜுக்கு மாறி அறிவியல் படித்தார். அங்கே அவருக்குப் பாடம் எடுத்தவர்களில் ஒருவர் பெரிய இயற்பியலாளர் ரேலி பிரபு.

1885-இல் ஊர் திரும்பி, கல்கத்தா மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியர் ஆனார். இந்தியப் பேராசிரியருக்கு ஐரோப்பியர் வாங்கும் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்குதான். இவர் நியமனம் தற்காலிகம் என்பதால் அதிலும் பாதி. போஸ் சண்டை போடவில்லை, வேலையையும் விடவில்லை. சம்பளத்தை மட்டும் தொடவில்லை. மூன்று வருஷம் ஒரு காசும் வாங்காமல் பாடம் நடத்தினார். கடைசியில் நிர்வாகம் இறங்கி வந்து முழுச் சம்பளத்தையும் பாக்கியோடு கொடுத்தது. அதில் அப்பாவின் கடனை அடைத்தார்.

இடையில் 1887-இல் அபலா தாஸைத் திருமணம் செய்துகொண்டார். அந்த அம்மையாருக்கும் நம் தமிழ் மண்ணுக்கும் ஒரு தொடர்பு உண்டு. கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பெண்களுக்கு இடம் இல்லாத காலம் என்பதால், 1882-இல் சென்னைக்கு வந்து மருத்துவம் படித்தவர் அவர். உடல்நலம் கெட்டதால் படிப்பை முடிக்க முடியவில்லை. பிற்காலத்தில் வங்காளப் பெண்களின் கல்விக்காகப் பெரும்பாடு பட்டார்.

இனி அலைகளுக்கு வருவோம். மின்காந்த அலைகள் உண்மையிலேயே இருக்கின்றன என்று 1880-களின் இறுதியில் ஜெர்மனியில் ஹெர்ட்ஸ் சோதனையில் காட்டினார். அதைப் பற்றி ஆலிவர் லாட்ஜ் எழுதியதைப் படித்துவிட்டு, 1894-இல் போஸ் வேலையைத் தொடங்கினார். கல்லூரியில் அவருக்குக் கிடைத்த இடம் ஒரு குளியலறைக்குப் பக்கத்தில் இருந்த சின்ன அறை. உதவிக்கு ஊர்த் தகரக் கொல்லர் ஒருவர். கருவிகளை அவரை வைத்தே செய்தார். அலையின் திசையை வடிகட்ட அவர் பயன்படுத்திய ஒரு பொருள் என்ன தெரியுமா? ரயில் நேர அட்டவணைப் புத்தகம்! பக்கங்களுக்கு இடையே ஈயத்தாள் வைத்து அதையே கருவி ஆக்கிவிட்டார். முறுக்கிய சணலையும் விடவில்லை.

மற்றவர்கள் மீட்டர் கணக்கில் நீளமான அலைகளை எடுத்துக்கொண்டு போராடியபோது, போஸ் மிகச் சிறிய அலைகளை எடுத்தார். அவற்றில் சில 5 மில்லிமீட்டர் நீளம்தான். இன்றைய கணக்கில் அது 60 கிகாஹெர்ட்ஸ். அலை சின்னதானால் கருவியும் சின்னதாகும், மேசை மேலேயே எல்லாச் சோதனையும் செய்யலாம் என்பது அவர் கணக்கு. கூம்பு வடிவ ஆண்டெனா, அலையைக் கொண்டுசெல்லும் குழாய், அலையைப் பிடிக்கும் படிகம் எல்லாம் அந்த மேசையில் இருந்தன. கல்கத்தா நகர மண்டபத்தில் மக்கள் முன்னால், கம்பி இல்லாமல் தூரத்தில் இருந்த மணியை ஒலிக்க வைத்தார், வெடிமருந்தைக் கொளுத்தினார். அலை சுவரைத் தாண்டியது. நடுவில் உட்கார்ந்திருந்த வங்காளத் துணை ஆளுநரின் உடம்பையும் தாண்டியது.

1895 மே மாதம் வங்காள ஆசியச் சங்கத்தில் தம் முதல் ஆய்வுக் கட்டுரையை வாசித்தார். 1896-இல் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். அதே ஆண்டு ஜூன் 2-ஆம் தேதி, இருபத்திரண்டு வயது மார்க்கோனி இலண்டனில் தம் காப்புரிமை விண்ணப்பத்தைக் கொடுத்தார். அதே 1896-இல்தான் எங்கள் மலாக்காவில், புக்கிட் லிந்தாங்கில், டான் சாய் யான் மலாயாவின் முதல் வணிக ரப்பர் தோட்டத்தைப் போட்டார். நம் பாட்டன் பூட்டனின் வாழ்க்கையை மாற்றிய வருஷம் அது.

1897 ஜனவரியில் இலண்டன் ராயல் கழகத்தில் போஸ் பேசினார். கருவி எப்படிச் செய்தது, உள்ளே என்ன இருக்கிறது என்று எதையும் ஒளிக்காமல் காட்டினார். இதை வைத்துப் பணம் பண்ணலாமே, ஏன் இரகசியம் காக்கவில்லை என்று அங்கிருந்த பொறியியல் இதழ் ஒன்று ஆச்சரியப்பட்டு எழுதியது.

1901 மே மாதம் மறுபடியும் இலண்டன். சொற்பொழிவுக்கு முன்னால் ஒரு பெரிய தந்தி நிறுவனத்தின் முதலாளி அவரைத் தேடி வந்தார். கையிலேயே காப்புரிமைப் படிவம். மேடையில் எல்லாவற்றையும் சொல்லிவிடாதீர்கள், இதில் பணம் கொட்டிக் கிடக்கிறது, செலவை நான் பார்த்துக்கொள்கிறேன், இலாபத்தில் பாதி உங்களுக்கு என்றார். போஸ் மறுத்துவிட்டார். அந்தப் பண ஆசையைப் பார்த்து மனம் வெதும்பி, தம் நண்பர் தாகூருக்குக் கடிதம் எழுதினார். அந்த வலையில் ஒருமுறை விழுந்தால் வெளியே வர முடியாது என்பதே அவர் பயம்.

நான் வகுப்பில் சொன்ன கதை இந்த இடத்தில் முடிந்துவிடும். ஆனால் உண்மைக் கதை முடியவில்லை.

சுவாமி விவேகானந்தரின் அமெரிக்கச் சீடர் சாரா புல் அம்மையார். சுவாமிஜி அவரைத் தீரமாதா என்று அழைப்பார். அவரும் சகோதரி நிவேதிதையும் போஸை விடவில்லை. உங்கள் உழைப்பை வேறு யாராவது தன் பெயரில் எழுதிக்கொண்டு போனால் என்ன செய்வீர்கள் என்பது அவர்கள் கவலை. அவர்கள் வற்புறுத்தியதால், முதலாளியைத் திருப்பி அனுப்பிய அதே ஆண்டில், 1901 செப்டம்பர் 30 அன்று, போஸின் விண்ணப்பம் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்தில் பதிவானது. மின் அலைகளைக் கண்டறியும் கருவி என்பது அதன் தலைப்பு. கலீனா என்னும் ஈயத் தாதுப் படிகத்தின் மேல் ஓர் உலோக முனை தொட்டுக்கொண்டிருக்கும். அலை பட்டால் மின்தடை மாறும். ரேடியோ அலைக்கு மட்டுமல்ல, கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கும் அது அசைந்து கொடுக்கும். ஒரு செயற்கைக் கண் மாதிரி.

காப்புரிமை அலுவலகத்தில் என்ன நடக்கும்? அங்கே ஒரு பரிசோதகர் இருப்பார். விண்ணப்பத்தில் விளக்கம், வரைபடம், கடைசியில் உரிமைக் கோரல்கள் என்று மூன்று பகுதி. கோரல் என்பது நிலத்துக்குக் கல் நடுவது போல. இந்த எல்லைக்குள் இருப்பது என்னுடையது என்று வரி வரியாகச் சொல்ல வேண்டும். பரிசோதகர் ஒவ்வொரு கோரலையும் எடுத்து, இது முன்பே எங்காவது வெளிவந்திருக்கிறதா, இந்தத் துறையில் உள்ள எவனுக்கும் சுலபமாகத் தோன்றக்கூடியதுதானா, இந்த விளக்கத்தைப் படித்து இன்னொருவர் செய்துவிட முடியுமா என்று பார்ப்பார். பழைய காப்புரிமைகளையும் கட்டுரைகளையும் எடுத்துப் போட்டு மறுப்பார். விண்ணப்பித்தவர் பதில் எழுத வேண்டும், கோரலைத் திருத்த வேண்டும். இரண்டரை ஆண்டுகள் கழித்து, 1904 மார்ச் 29 அன்று, 755840 என்ற எண்ணில் போஸுக்கு உரிமை கிடைத்தது. அரைக்கடத்திக் கருவிக்குக் கிடைத்த உலகின் முதல் காப்புரிமை என்று பலரும் இதைத்தான் சொல்கிறார்கள்.

அன்றைய அமெரிக்கச் சட்டப்படி அதன் ஆயுள் பதினேழு ஆண்டுகள். போஸ் அதை வைத்துச் சம்பாதிக்கவில்லை. அவர் மனம் அதற்குள் செடிகளிடம் போய்விட்டது. செடியின் வளர்ச்சியைப் பல்லாயிரம் மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராஃப் கருவியைச் செய்தார். 1917 நவம்பர் 30-இல், தம் பிறந்தநாளில், கல்கத்தாவில் போஸ் ஆய்வுக்கழகத்தைத் திறந்தார். அதை ஆய்வுக்கூடம் மட்டுமல்ல, கோவில் என்றே கருதினார். ததீசி முனிவரின் எலும்பால் ஆன வஜ்ராயுதம் அதன் சின்னம். இங்கே கண்டுபிடிப்பது எல்லாம் உலகத்தின் பொதுச் சொத்து, காப்புரிமை எடுக்க மாட்டோம் என்று அன்று அறிவித்தார். 1920-இல் ராயல் சங்கத்தின் உறுப்பினர் ஆனார். 1937 நவம்பர் 23-இல் கிரிதியில் காலமானார்.

இப்போது மார்க்கோனி விஷயம். அவர் திருடன் என்று ஒரே வார்த்தையில் முடிப்பது நியாயம் இல்லை. கடல் தாண்டிச் செய்தி அனுப்பியே தீருவது என்று நின்றவர் அவர்; போஸின் ஆர்வம் அலையின் குணத்தை அறிவதில் இருந்தது. ஆனால் 1901 டிசம்பரில் மார்க்கோனி அட்லாண்டிக் கடலைத் தாண்டிய சைகையைப் பிடித்தபோது பயன்படுத்திய பாதரசக் கருவி, போஸ் 1899-இல் ராயல் சங்கத்தில் வெளியிட்ட கருவியின் வழியில் வந்தது என்று 1998-இல் ஓர் ஆய்வாளர் கட்டுரை எழுதினார். அவர் எதை வைத்து எழுதினார்? தேதி போட்ட தாள்களை வைத்து. அதேபோல டிரான்சிஸ்டரைக் கண்டுபிடித்த மூவரில் ஒருவரான பிராட்டெய்ன், 1955-இல் இன்னொருவருடன் சேர்ந்து எழுதிய வரலாற்றில், ரேடியோ அலையைப் பிடிக்க அரைக்கடத்திப் படிகத்தை முதலில் பயன்படுத்தியவர் போஸ் என்று ஒப்புக்கொண்டார். அவரே வேண்டாம் என்று நினைத்த தாள்தான் ஐம்பது வருஷம் கழித்து அவருக்காகச் சாட்சி சொன்னது.

தாளின் பலத்துக்கு இன்னொரு உதாரணமும் உண்டு. மார்க்கோனியின் 1904-ஆம் ஆண்டுக் காப்புரிமை ஒன்றின் முக்கியக் கோரல்களை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1943-இல் செல்லாது என்றது. ஜான் ஸ்டோன் என்ற பொறியாளர் அதே யோசனையை முன்பே எட்டிவிட்டார் என்பது ஒரு காரணம். அதற்கு ஆதாரமாக நின்றவற்றில், 1899-இல் அவர் நண்பருக்கு எழுதிய கடிதங்களும் இருந்தன. சாதாரணக் கடிதம்தான். ஆனால் தேதி இருந்தது.

இதைப் படித்த இரவு எனக்கு என் தாத்தா ஞாபகம் வந்தார். அவர் மலாக்காவில் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். லயத்தில்தான் பிறந்தார். அது தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். பிரசவம் பார்த்த பாட்டிக்குத் தெரியும். ஆனால் பிறப்பைப் பதியவில்லை. அதனால் சாகும்வரை அவர் கையில் இருந்தது சிவப்பு அடையாள அட்டை. எல்லாருக்கும் தெரியும் என்பது எந்த முகப்பிலும் செல்லவில்லை. தாள் எங்கே என்றுதான் கேட்டார்கள். நம்மில் எத்தனை வீட்டில் இந்தக் கதை உண்டு!

என் சொந்தக் கதை என்று சொன்னேனே, அதற்கு வருகிறேன். என் இறுதியாண்டுத் திட்டம் பல ஆண்டெனாக்கள் கொண்ட ஒரு சின்னப் பெட்டி. செம்பனைத் தோட்டத்தில் மண் ஈரத்தை அளந்து கம்பியில்லாமல் அனுப்ப வேண்டும். மட்டைகள் சைகையை மறைக்கும், சிதறடிக்கும். ஒரே ஆண்டெனா என்றால் செய்தி தொலைந்து போகும். நான்கு இருந்தால் ஒரு வழி அடைபட்டாலும் இன்னொரு வழி திறந்திருக்கும். எந்த நேரத்தில் எந்த ஆண்டெனாவுக்கு எவ்வளவு வேலை கொடுப்பது என்பதில் நான் ஒரு சிறு மாற்றம் செய்திருக்கிறேன். அவ்வளவுதான்.

இந்தப் பல ஆண்டெனா முறைக்குப் பெரிய வேர் ஒன்று நம் தமிழ்நாட்டில் இருக்கிறது. பொள்ளாச்சியில் பிறந்து, இந்தியக் கடற்படையில் பணியாற்றி, பிறகு அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்துக்குப் போன ஆரோக்கியசாமி பால்ராஜ், தாமஸ் கைலாத்துடன் சேர்ந்து 1992 பிப்ரவரியில் இதற்காக விண்ணப்பித்தார். 1994 செப்டம்பரில் உரிமை கிடைத்தது. போஸுக்கு ஆனது போலவே இரண்டரை ஆண்டுகள். அதுவரை எதிரியாக நினைத்த எதிரொலியையே உதவியாளாக மாற்றி, ஒரே அலைவரிசையில் பல செய்திகளைச் சேர்த்து அனுப்பும் வழி அது. இன்று நம் வைஃபையிலும் ஃபைவ்-ஜியிலும் அதுதான் ஓடுகிறது. போஸின் மேசையில் இருந்த 60 கிகாஹெர்ட்ஸ் அலையிலும் இன்று வைஃபை உண்டு. அலை 5 மில்லிமீட்டர் என்பதால் நகத்தளவு இடத்தில் பல ஆண்டெனாக்களை அடுக்கலாம். அலை சின்னதானால் கருவியும் சின்னதாகும் என்ற அவர் கணக்கு இன்னும் பொய்க்கவில்லை.

என் விரிவுரையாளர் கண்டுபிடிப்பு அறிவிப்புப் படிவத்தை மேசையில் வைத்தார். நான் தயங்கினேன். போஸே வேண்டாம் என்றாரே, அறிவை விற்பது பாவம் இல்லையா என்று பெரிய மனிதன் மாதிரி பேசினேன். அவர் சிரிக்கவில்லை. கண்காட்சியில் உன் பெட்டியை எப்போது காட்டினாய் என்று மட்டும் கேட்டார். ஐந்து மாதம் ஆகிறது என்றேன். மலேசியச் சட்டத்தில், நாமே வெளியில் காட்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் விண்ணப்பித்தால் அது நமக்கு எதிராக நிற்காது. ஐரோப்பாவில் அந்தச் சலுகை கிடையாது. அங்கே என் கதவை நானே அடைத்துவிட்டேன். யாரும் திருடவில்லை. எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

யோசித்துப் பார்த்தேன். காப்புரிமை என்பது பூட்டு என்று நினைத்திருந்தேன். பாதிதான் சரி. பேட்டண்ட் என்ற சொல்லுக்கே திறந்தது என்றுதான் பொருள். சில காலம், இன்று இருபது ஆண்டுகள், உரிமை தருகிறோம். அதற்குப் பதில் எதையும் மறைக்காமல் உலகுக்குச் சொல்லிக்கொடு என்பதுதான் பேரம். போஸ் பயந்தது தாளைக் கண்டு அல்ல, பேராசையைக் கண்டு. பலனில் பற்று வைக்காதே என்று கீதை சொல்கிறது. செய்த வேலையைப் பதியாதே என்று சொல்லவில்லை. அவரும் கட்டுரை எழுதாமல் இருந்ததில்லை. சொத்தாக வேண்டாம் என்றாரே தவிர, சாட்சியை விட்டுவைத்தார்.

அடுத்த ஞாயிறு அந்தப் பையனிடம் என் தவறை ஒப்புக்கொண்டேன். போஸ் பதிவு செய்திருக்கிறார், அதனால்தான் நமக்குத் தெரிகிறது என்றேன். 755840 என்ற எண்ணை வெண்பலகையில் எழுதினேன். அவன் தன் நோட்டில் அதை எழுதிக்கொண்டான்.

தம்பி தங்கைகளே, நீங்கள் ஆய்வுக்கூடத்தில் இருந்தாலும், பட்டறையில் இருந்தாலும், அம்மாவின் பலகாரக் கடைக்கு ஒரு புதுக் கருவி செய்தாலும், ஒரு நோட்டு வையுங்கள். நாள் போடுங்கள். பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு சாட்சிக் கையெழுத்து வாங்குங்கள். மேடையில் காட்டும் முன்பும் இணையத்தில் போடும் முன்பும் தெரிந்தவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பிறகு அதை விற்பதா, ஊருக்குக் கொடுப்பதா என்பது உங்கள் தர்மம். கொடுப்பதற்கும் முதலில் அது நம்முடையது என்று தெரிய வேண்டும் இல்லையா?

என் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். கண்டுபிடித்தவர் பெயர் என்ற கட்டத்தில் என் பெயருக்குப் பின்னால் தாத்தாவின் மகனான என் அப்பாவின் பெயரும் இருக்கிறது. பரிசோதகர் மறுக்கலாம், திருத்தச் சொல்லலாம். பரவாயில்லை. இந்த முறை தாள் இருக்கிறது.